மாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆடு

இரண்டாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு சிறுமி தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். ஏற்ற இறக்கம் சரி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஆனால் அவள் விரல் மட்டும் இரண்டு வரி கீழே நிற்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னம்மா?" என்று கேட்டால், பாடத்தை முதல் வரியிலிருந்து உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள். இன்னும் நடத்தாத பாடத்தைத் திறந்து நீட்டினால் வாயே திறப்பதில்லை.

அதே சிறுமி இடைவேளையில், ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தை வசனத்தோடு சொல்லித் தோழிகளைச் சிரிக்க வைப்பாள். கடைக்காரர் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் குறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இவ்வளவு பேச்சும் சூட்டிகையும் உள்ள பிள்ளைக்கு நாலு எழுத்தைக் கூட்டி வாசிக்க என்ன தடை?

வீடுகளில் இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் உண்டு: சோம்பேறித்தனம், விளையாட்டுப் புத்தி, கண்ணில் ஏதோ கோளாறு. முதல் இரண்டுக்கும் திட்டு விழும். மூன்றாவதற்குக் கண் மருத்துவரிடம் போவார்கள். அவர் சோதித்துவிட்டு, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்.

அறிவியலும் முதலில் கண் மருத்துவர்கள் பக்கம்தான் போனது. இத்தகைய வாசிப்புத் தடுமாற்றத்துக்கு 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை 1880களில் வைத்த ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். அவர் பார்த்தது, மூளை பாதிக்கப்பட்டதால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களை. எந்த அடியும் படாத பிள்ளைக்கும் பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்று 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஸீஃபர்ட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த பிரிங்கிள் மார்கன். அவர் விவரித்த பையன் பெர்சிக்கு அப்போது 14 வயது. ஏழு வயதிலிருந்து பள்ளியும் தனி ஆசிரியர்களும் மாறி மாறிப் பாடுபட்டும் அவனால் சின்னச் சின்னச் சொற்களைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னதும் சட்டென்று சரியாகப் பெருக்கிக் காட்டினான். தன் பெயரையோ எழுத்து இடம் மாறி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்துவைத்தார். அவர் இதைப் பிறவிச் சொற்குருடு என்றார். கிளாஸ்கோவின் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1917இல் அதே தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். மூளையில் சொற்களின் உருவங்களைச் சேமிக்கும் இடம் வளரவில்லை என்பது அந்தக் காலத்து விளக்கம்.

இந்தக் கண் வழி விளக்கத்தை உடைத்தது 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் வெலுட்டினோவும் அவருடைய குழுவும் செய்த எளிய சோதனை. ஆங்கிலம் வாசிக்கத் திணறும் பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் என்று இரு குழுக்கள். இரு குழுவுக்கும் ஹீப்ரு எழுத்துகளைச் சற்று நேரம் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஹீப்ரு இருவருக்குமே தெரியாது. ஆகவே இங்கே கை கொடுக்கக்கூடியது பார்வையும் பார்வை நினைவும் மட்டும்தான். உருவத்தைப் பிடிப்பதில் குறை இருந்தால் திணறும் பிள்ளைகள் இங்கும் தோற்க வேண்டும். தோற்கவில்லை, இரு குழுவும் ஒரே அளவுக்குச் செய்தன. ஆங்கிலச் சொற்களிலும் வேடிக்கை நடந்தது. தாங்கள் தப்பாக வாசித்த சொல்லையே திணறும் பிள்ளைகள் எழுத்து மாறாமல் பார்த்து எழுதினார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த ஒன்று வாய்க்கு வரும்போதுதான் பிசகியது.

ஆங்கிலத்தின் 'b'யையும் 'd'யையும் இடவலம் மாற்றி எழுதுவதுதான் டிஸ்லெக்சியாவின் அடையாளம் என்று திரைப்படம் பார்த்துப் படித்துக்கொண்டவர்கள் நிறைய. எழுதப் பழகும் குழந்தைகள் பலரும் அப்படி மாற்றுகிறார்கள். மாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் மாடுதானே? இரண்டையும் ஒன்றாகக் கொள்வது மூளையின் இயல்பு. எழுத்துக்காக மட்டும் அந்த இயல்பை விட்டுவிடப் பழக வேண்டியிருக்கிறது. தமிழில் அப்படிக் கண்ணாடிப் பிம்பமாக அமைந்த எழுத்து இணைகள் இல்லை என்றே சொல்லலாம். தமிழ்ப் பிள்ளைகள் அதனால் தப்பித்துவிடவில்லை. வண்ணக் கண்ணாடிகள், கண் பயிற்சிகள் என்று விற்கப்படும் தீர்வுகளுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிக்கையே விட்டார்கள். அந்தப் பணத்தைப் பெற்றோர் மிச்சப்படுத்தலாம்.

கண் இல்லையென்றால் வேறு எது? 'பால்' என்று சொல்லிப் பாருங்கள். ப், ஆ, ல் என்று மூன்று ஒலிகள் இருப்பதாக நமக்குத் தெரியும். ஆனால் காதில் விழுவது ஒரே வீச்சு. ப் சொல்ல உதடு மூடும்போதே நாக்கு ஆகாரத்துக்குத் தயாராகிவிடுகிறது. 'பூ' என்று சொல்லப் போனால், உதடு ப் சொல்வதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. ஒலிப்பதிவை எடுத்து எந்த இடத்தில் வெட்டினாலும் சுத்தமான ப் தனியாகக் கிடைப்பதில்லை. தோசை மாவில் அரிசியும் உளுந்தும் இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அரைத்த பிறகு உளுந்தை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. பேச்சு அந்த மாவு. எழுத்து, அதில் என்னென்ன போட்டு அரைத்தோம் என்ற பட்டியல். மாவை ருசித்துப் பட்டியலைச் சொல்லும் வேலையைத்தான் வாசிக்கக் கற்கும் பிள்ளையிடம் நாம் கேட்கிறோம்.

இப்படிப் பொருளை மாற்றக்கூடிய மிகச் சிறிய ஒலிக்கூறை மொழியியலில் ஒலியன் என்பார்கள். ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஒலியன்களைத் தனித்தனியாக உணரும் திறனை இந்தக் கட்டுரையில் ஒலியன் உணர்வு என்று வைத்துக்கொள்வோம். பேசுவதற்கு அது தேவையே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கதை சொல்லி, சண்டை போட்டு, சிலேடையும் பேசிவிடுவார். வாசிப்புக்கு மட்டும்தான் அந்த உணர்வு வேண்டும்.

அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர் 1974இல் பிள்ளைகளின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். சொல்லைக் கேட்டு, அதில் எத்தனை அசையோ அத்தனை முறை தட்ட வேண்டும். இன்னொரு குழு எத்தனை ஒலியனோ அத்தனை முறை. நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். ஒலியன்களைத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்பு முடியும்போது பத்தில் ஏழு பேருக்கு அது கைவந்திருந்தது.

வயது ஏறியதால் வந்த திறனா, எழுத்துக் கற்றதால் வந்ததா? இதற்கு விடை போர்ச்சுகலில் கிடைத்தது. ஜோசே மொராய்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் பள்ளிக்கே போகாத பெரியவர்களையும், அதே சூழலில் வளர்ந்து பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல் என்றால் முதல் குழு தடுமாறியது. இரண்டாம் குழுவுக்குப் பெரும்பாலும் முடிந்தது. சீனாவில் 1986இல் வந்த ஆய்வும் இதையே காட்டியது. சீன எழுத்துகளை மட்டும் படித்தவர்களுக்கு ஒலியன்களைப் பிரிப்பது கஷ்டம். ரோமன் எழுத்திலும் சீனம் எழுதக் கற்றவர்களுக்குச் சுலபம். ஆக, ஒலியன் உணர்வு தானாக முளைப்பதில்லை, ஒலியைப் பிரித்துக் காட்டும் எழுத்துதான் அதைக் கொண்டுவருகிறது.

இங்கே கவனமான வாசகர் ஒரு மடக்கு மடக்கலாம். எழுத்துக் கற்றால்தான் ஒலியன் உணர்வு வரும் என்றால், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது குறைவாக இருப்பது வாசிக்காததன் விளைவுதானே, காரணம் எப்படி ஆகும்? நியாயமான கேள்விதான். ஆக்ஸ்ஃபர்டில் லினட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும் இதற்காகவே நான்கு, ஐந்து வயதில், இன்னும் வாசிக்கத் தொடங்காத 400 பிள்ளைகளைப் பிடித்தார்கள். மூன்று நான்கு சொற்களைச் சொல்லி, எது ஓசையில் ஒட்டாமல் நிற்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். அதில் பின்தங்கியவர்களில் 65 பேரைப் பிரித்து, இரண்டு ஆண்டுகளில் 40 சிறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழு படங்களை ஓசையால் வகைப்படுத்தியது. இன்னொன்று அதையே செய்து, கூடவே பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையாண்டது. மூன்றாவது குழு அதே படங்களை விலங்கு, வீட்டுச் சாமான் என்று பொருளால் வகைப்படுத்தியது. நான்காவதற்கு எதுவுமில்லை. 1983இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. ஓசையும் எழுத்தும் சேர்த்துப் பழகிய குழு, பொருளால் வகைப்படுத்திய குழுவைவிட வாசிப்பில் பல மாதங்கள் முன்னே போயிருந்தது. அதே ஆசிரியர் கவனிப்பும் அதே படங்களும் கிடைத்தும் மூன்றாவது குழுவுக்கு அது வாய்க்கவில்லை. வாசிக்காத வயதிலேயே அளந்த ஓசை உணர்வு பின்னால் வரப்போகும் வாசிப்பைக் காட்டிக்கொடுத்ததும், அதைப் பயிற்றினால் வாசிப்பு உயர்ந்ததும் சேர்ந்து காரணத்தை உறுதி செய்தன. எழுத்து ஒலியை விளக்குகிறது, ஒலி எழுத்தைப் பிடிக்க உதவுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிக்கொண்டு போகின்றன. டிஸ்லெக்சியாவில் அந்த ஏற்றம் தொடங்கவே சிரமப்படுகிறது.

வீட்டிலேயே விளையாடிப் பார்க்கலாம். 'மாடு' என்ற சொல்லில் ம் என்ற ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஆடு. 'கடை'யில் க் போனால் அடை. மணியிலிருந்து அணி, கலையிலிருந்து அலை, வீட்டிலிருந்து ஈடு. எழுத்தைக் காட்டாமல் காதால் மட்டும் செய்ய வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இரண்டு மூன்று உதாரணம் காட்டினால் பிடித்துக்கொண்டு, உங்களையே திருப்பிக் கேட்பார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை 'மாடு'வில் 'மா'வை முழுதாகக் கழற்றி 'டு' என்று சொல்லும். மா என்பது அந்தக் காதுக்கு உடையாத ஒரே கட்டி.

தமிழ் எழுத்தின் குணம் இங்கே குறுக்கே வருகிறது. நம் இலக்கணம் மெய்யையும் உயிரையும் பிரித்து வைத்திருக்கிறது. க் கூட்டல் அ சமம் க என்று வகுப்பில் சொல்லியும் தருகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, அசையைக் கட்டியாகவே காட்டுகிறது. க என்ற வடிவத்தில் அகரம் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. புள்ளி வைத்தால்தான் அது போனது தெரியும். 'கே'யில் கொம்பு முதலில் நிற்கிறது. ஒலி பின்னால் வருகிறது. 'கோ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. உகர வரிசையில் கு, டு, து, பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு. 'கௌ'வின் கடைசிப் பகுதிக்கும் 'ள'வுக்கும் வித்தியாசமே இல்லை. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சொனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், அசை உணர்வு சீக்கிரம் வந்துவிட்டாலும் ஒலியன் உணர்வு மிக மெதுவாகத்தான் வளர்ந்தது. கூட்டெழுத்துகளோடு சேர்த்து 400ஐத் தாண்டும் எழுத்துருக்களைப் பழகிமுடிக்கத் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகள்வரை ஆனது. தமிழில் கூட்டெழுத்து இல்லாததால் சுமை குறைவு; தன்மை அதேதான். உயிர்மெய் அட்டவணையை க கா கி கீ என்று பாட்டாகவே ஒப்பித்துவிடும் பிள்ளை, அந்த வரிசை முழுக்க க் நிலையாக நிற்க உயிர் மட்டும் மாறுகிறது என்பதைக் கவனிக்காமலே ஒப்பிக்கலாம். 247ஐயும் ஒப்பித்துவிட்டது, எழுத்தெல்லாம் தெரியும் என்று நாம் ஏமாறுவது அங்கேதான்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டில் 'வந்துச்சு', புத்தகத்தில் 'வந்தது'. எழுத்துக் கூட்டி முடித்த பிறகு வரும் சொல், காது அறிந்த சொல்லாக இல்லாமல் போகிறது. இது எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உள்ள பாரம். ஏற்கெனவே தள்ளாடும் பிள்ளைக்குக் கூடுதலாக அழுத்துகிறது. லகர ளகர ழகரக் குழப்பத்தையும் றகர ரகரக் குழப்பத்தையும் மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டக் கூடாது. அந்த அளவுகோல் வைத்தால் தமிழ் எழுதும் பத்திரிகையாளர்களில் பாதிப் பேர் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நேராக இருக்கும் மொழிகளில் டிஸ்லெக்சியா வேறு முகம் காட்டுகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு 2003இல் ஃபிலிப் சீமோர் குழு வெளியிட்ட ஆய்வில், ஃபின்லாந்து, இத்தாலி, கிரீஸ் பிள்ளைகள் முதலாம் வகுப்பு முடிவில் எளிய சொற்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குதான். அந்த நேரான மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவரும் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுவிடுகிறார். ஆனால் நத்தை வேகம். ஜெர்மன் மொழிப் பிள்ளைகளைப் பற்றி ஹைன்ஸ் விம்மர் 1993இலேயே இதைச் சொன்னார். எரால்டோ பவுலேசு குழு 2001இல் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி மாணவர்களின் மூளையை வாசிக்கும்போது படமெடுத்தது. இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். ஆனால் டிஸ்லெக்சியா உள்ள மூன்று நாட்டவருக்கும் இடப்பக்க மூளையில் ஏறக்குறைய அதே பகுதி குறைவாகவே இயங்கியது. தமிழும் பெரும்பாலும் நேரான எழுத்து. ஆகவே நான்காம் வகுப்பில் தப்பில்லாமல், ஆனால் ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்து வாசித்து, வரி முடியும்போது தொடக்கம் மறந்துபோகும் பிள்ளையை "மெதுவா வாசிக்கும், அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம். அதே பிள்ளை ஆங்கில வழி வகுப்பில் உட்காரும்போது குட்டு வெளிப்படுகிறது. ஆங்கிலம் வராது என்று அங்கே ஒரு பட்டமும் கிடைக்கிறது.

புத்தி குறைவோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஒரு காலத்தில், அறிவுத்திறன் எண் உயர்ந்து வாசிப்பு தாழ்ந்திருந்தால் மட்டுமே டிஸ்லெக்சியா என்று சான்று கொடுத்தார்கள். 2011இல் ஹிரோகோ தனாகா, ஃபுமிகோ ஹெஃப்ட் ஆகியோரின் மூளைப்பட ஆய்வு, அந்த எண் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் மூளை இயக்கம் ஒரே மாதிரிதான் என்று காட்டியது. ஐன்ஸ்டைனுக்கும் இருந்தது என்று ஆறுதல் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது. குடும்ப வழியாக வருவது மட்டும் நிச்சயம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, டிஸ்லெக்சியாவோடு தொடர்புள்ள 42 இடங்களை மரபணுத் தொகுப்பில் குறித்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எத்தனை சதவீதம் பேருக்கு உண்டு என்று கேட்டால், நல்ல வாசிப்பிலிருந்து மோசமான வாசிப்புவரை இடைவெளியில்லாமல் நீளும் வரிசையில் எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது விடை. பொதுவாக ஐந்திலிருந்து பத்துக்குள் சொல்வார்கள். பையன்களுக்கே அதிகம் என்ற நம்பிக்கையில் ஒரு கோணல் இருக்கிறது. கனெடிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸ் குழு 1990இல், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்கள் பல மடங்கு இருக்க, எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது இரு பாலும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதைக் கண்டது. வாசிக்க வராத பையன் வகுப்பில் கலாட்டா செய்கிறான், ஆசிரியர் கண்ணில் படுகிறான். வாசிக்க வராத பெண் பாடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறாள்.

அந்த மனப்பாடத்தை ஊடுருவிப் பார்க்க ஆய்வாளர்கள் கையில் ஓர் எளிய கருவி உண்டு: பொருளற்ற சொல். டபம், மிதாலு, கொசணி. எந்தப் பாடத்திலும் இல்லை, ஊகிக்கவும் முடியாது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தெரிந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. தன்னைவிட வயதில் இளைய, அதே வாசிப்பு மட்டத்தில் உள்ள பிள்ளைகளைவிடவும் டிஸ்லெக்சியா உள்ளவர் இதில் பின்தங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வயதை விட்டுவிட்டு வாசிப்பு மட்டத்தைச் சமமாக வைத்து ஒப்பிடுவதால், இது வாசிப்பு அனுபவம் குறைந்ததன் விளைவு என்று தள்ளிவிட முடியவில்லை.

காரணம் தெரிந்தால் சொல்லித்தரும் வழியும் அங்கிருந்தே வருகிறது. எழுத்தும் ஒலியும் சேர்த்து, சின்னப் படிகளாக, ஒன்று கைவந்த பிறகே அடுத்தது என்று, பழையதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தமிழில் அட்டவணையை முழுதாகத் திணிக்காமல் ட, ப, ம, ய போன்ற எளிய வடிவங்களில் தொடங்கலாம். அவற்றையும் அவற்றின் மெய்களையும் மட்டும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். பிறகு துணைக்கால். படம் பாடமாகிறது, மடம் மாடமாகிறது. அந்த ஒரு கோடு ஒலியில் என்ன செய்தது என்று பிள்ளையே வாயால் சொல்ல வேண்டும். நடுநடுவே பொருளற்ற சொற்களையும் கலந்தால் ஊகத்துக்கு இடமிருக்காது. வாசிப்பதும் எழுதுவதும் ஒரே அமர்வில் நடக்க வேண்டும். எழுதும்போதுதான் ஒலியைப் பிரித்தே தீர வேண்டியிருக்கிறது.

மணலில் விரலால் எழுதுவது, எழுத்தைத் தடவிப் பார்ப்பது எல்லாம் இந்த முறையோடு சேர்ந்தே பேசப்படும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியர் அன்னா கில்லிங்ஹமும் 1930களில் வகுத்த வழி அது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணல் அதற்கு வெகு முன்பே இருந்தது. என் கணிப்பில், பலன் தருவது பெரும்பாலும் ஒழுங்கும் வெளிப்படையான விளக்கமும்தான். ஒலியைச் சொல்லாமல் மணலில் நூறு முறை எழுதினால் விரல்தான் தேயும்.

பலன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தவும் கூடாது. ஜோசப் டார்கெஸன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு முதல் பத்து வயதுவரை உள்ள, மிகவும் பின்தங்கிய 60 பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு 50 நிமிட அமர்வுகள், எட்டு வாரம், ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்று மொத்தம் 67.5 மணி நேரம் கற்பித்தார்கள். பிழையின்றி வாசிப்பதும் பொருள் புரிவதும் கிட்டத்தட்டச் சராசரி மட்டத்துக்கு வந்தன. இரண்டு ஆண்டு கழித்தும் நின்றன. வேகம் மட்டும் பின்தங்கியே இருந்தது. தேர்வில் தரும் கூடுதல் நேரத்தைச் சலுகை என்று முணுமுணுப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தால் போதும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறித்த 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற ஏற்பாடுகளைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. பாடத்தை உரக்க வாசித்துக் காட்டும் செயலிகளும் கைபேசியில் வந்துவிட்டன. அவை வாசிப்புப் பயிற்சிக்கு மாற்று அல்ல. வாசிப்பு வரும்வரை சமூக அறிவியலும் கதையும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும்.

வாசிப்போடு சேர்ந்து சரிவது தன்னம்பிக்கை. அதைத் தனிப் பாடமாக நடத்த முடியுமா? பள்ளிகளில் இப்போது பாராட்டுக்குப் பஞ்சமில்லை. 'சூப்பர்', நட்சத்திர ஒட்டி, கைதட்டல். வாசிக்க வராத பிள்ளைக்கு அது வாசிக்க வராதது நன்றாகவே தெரியும். வரிசையாக எழுந்து வாசிக்கும் வகுப்பில், தன் முறை எந்தப் பத்திக்கு வரும் என்று எண்ணிப் பார்த்து, சரியாக அப்போது தண்ணீர் குடிக்கக் கேட்கும் பிள்ளைக்கு நட்சத்திரத்தால் ஆவதொன்றுமில்லை. நியூசிலாந்தில் ஜேம்ஸ் சாப்மனும் வில்லியம் டன்மரும் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் 'எனக்குப் படிப்பு வராது' என்ற எண்ணம் பதிந்திருந்த பிள்ளைகள், சேர்ந்தபோதே ஒலியன் உணர்விலும் எழுத்தறிவிலும் பின்தங்கி இருந்தவர்கள். வாசிப்பு இடறியது முதலில், எண்ணம் படிந்தது அதன் பிறகு. அப்புறம் அந்த எண்ணம் புத்தகத்தைத் தொடவிடாமல் செய்கிறது, தொடாததால் வேகம் வருவதில்லை.

இந்தச் சுழலைத் திருப்ப வழிகாட்டும் வகையில் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வாசிப்பில் அல்ல, கழித்தல் கணக்கில். கணக்கு என்றாலே ஒதுங்கும் ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம், ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏழு அமர்வு முடிவதற்குள் 42ஐயும் முடிக்கலாம் என்றார்கள். பாடம் அதே, நேரம் அதே. அருகில் இலக்கு இருந்த குழு கணக்கிலும் முன்னேறியது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் அதற்குத்தான் அதிகம் கூடியது. பிறகு யாரும் சொல்லாமலே கணக்கு போடவும் உட்கார்ந்தது. தூரத்து இலக்கு, இலக்கே இல்லாத நிலையைவிடப் பெரிதாக எதுவும் தரவில்லை.

வாசிப்புக்கு இதை இறக்கினால், வாரம் ஒரு நாள் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, கட்டத் தாளில் பிள்ளையே புள்ளி வைப்பது. அமெரிக்காவில் ஸ்டான்லி டீனோ 1980களில் பரப்பிய முறை. ஒப்பீடு வகுப்போடு அல்ல, போன வாரத்தோடு. புள்ளி ஏறவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் சொல்லித்தரும் விதத்தை மாற்ற வேண்டும் என்பது அந்த முறையின் விதி. எல்லோர் முன்னும் எழுந்து வாசிக்க வேண்டியிருந்தால், எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லி, வீட்டில் நாலு முறை வாசித்துப் பழகி வரச் சொல்வதற்குச் செலவேதும் இல்லை.

எப்போது தொடங்குவது என்பதில் தயக்கம் வேண்டாம். 'கொஞ்சம் பெரிய வகுப்பு போனா தானா வந்துரும்' என்று காத்திருக்கும் காலம்தான் மிக விலை உயர்ந்தது. மோரீன் லவெட் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பயிற்சியை முதல் இரண்டு வகுப்புகளில் பெற்றவர்கள், மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலன் அடைந்தார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. வகுப்பே மொட்டுக்குப் போன பிறகும் அரும்பில் நிற்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு, ஒலி நீக்கும் விளையாட்டில் ஐந்து சொல்லும் பொருளற்ற சொல் பத்தும் கேட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சான்றிதழுக்குக் காத்திருக்காமல், மறுநாளே மூன்று நான்கு பேராக உட்கார வைத்துத் தினம் அரை மணி நேரம் தொடங்கிவிடலாம். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், இதற்காக வகுப்பு ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வருகிறது.